உள்புறம் திருப்பிய பைகள்

பாக் குனாடி வீட்டு மின்சார மீட்டர் அழ ஆரம்பித்தால் எங்கள் சந்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பணம் கட்டி ஓட்டும் மீட்டர். இருப்பு தீரப் போகிறது என்றால் கீக் கீக் என்று கத்தும். மற்ற வீடுகளில் கத்தினால் உடனே யாராவது மூலைக் கடைக்கு ஓடி, பணம் கட்டி எண்ணை வாங்கி வந்து அழுத்திவிடுவார்கள். மனைவி மக்கள் பசியில் அழுவதைப் பிறர் கேட்டுவிட்டது போல அதில் ஒரு கூச்சம் உண்டு. பாக் குனாடிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. "கத்துறது மீட்டர்தானே, கரண்ட் இன்னும் இருக்கே" என்பார். அவருடைய மனைவி இபு லஸ்மினி, பக்கத்து வீட்டுக்காரர்களான எங்கள் தூக்கத்தை எண்ணி, மீட்டரைச் சுற்றி ஒரு பழைய துவாலையைக் கட்டி வைத்தார். அதன்பிறகு அது ஜலதோஷம் பிடித்த குரலில் கத்தியது.

கூட்டுறவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர் பாக் குனாடி. பாக், இபு, மாஸ் எல்லாம் இங்கே மரியாதைக்குச் சொல்லும் முறைச் சொற்கள். ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. குடும்பம் என்பது ஓட்டை வாளி, வருமானத்தை ஊற்றுவதால் அது நிறையாது, ஓட்டையை அடைத்தால்தான் நிறையும். இதை எங்கள் ஊர் சலாதிகாவின் வட்டார அலுவலகத்தில் பெண்கள் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல பாத்திக் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா செருகி, மைக்கை விரலால் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உட்புறம் வழிக்க வேண்டும். தேயிலையை மூன்று முறை கொதிக்க வைக்கலாம். மூன்றாவது முறை கொதித்தது விருந்தாளிக்கு, ஏனென்றால் விருந்தாளி குறை சொல்ல மாட்டார். குளிக்கும் தொட்டியில் முகக்கும் குவளை சிறியதாக இருக்க வேண்டும். மெர்பாபு மலைக் காற்றடிக்கும் ஊரில் பெரிய குவளைக்கு அவசியம் என்ன? பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்தால் அதற்கு மறுபிறவி உண்டு. கேட்ட பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பலர் இதையெல்லாம் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்தவர்கள். அதற்கு ஒரு பெயரும் மைக்கும் உண்டு என்பதுதான் அவர்களுக்குப் புதிது.

அவர் மேடையில் சொல்லாத முறைகளும் இருந்தன. கைப்பேசியைப் பள்ளிவாசல் சுவரில் சார்ஜ் போடுவார். காலைக் காப்பியும் செய்தித்தாளும் என் வீட்டில். மீனும் கோழியும் எங்கள் குளிர்பெட்டியில் தங்கும். அவர் வீட்டுப் பெட்டி இரவில் அணைக்கப்பட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, செலாமத்தான். சந்தில் ஒருவர் இறந்தால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பது, நூறு என்று துவாவுக்குக் கூடுவோம். கடைசியாக ஆயிரமாவது நாள். கலையும்போது ஒவ்வொருவர் கையிலும் பெர்க்காத் கொடுத்தனுப்புவார்கள். முன்பெல்லாம் சமைத்த சோறும் கறியும். இப்போது பலரும் அரிசி, சர்க்கரை, தேயிலை, நூடுல்ஸ் என்று சமைக்காத சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டு, பை மேல் இறந்தவர் பெயரை அச்சடித்து, 'இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பாக் குனாடி எங்கள் சந்து மட்டுமல்ல, அடுத்த இரண்டு சந்துகளின் இறந்தவர்களையும் விடாமல் கௌரவித்தார். அவ்வளவு பக்தியுள்ள மனிதர் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

இப்படி எல்லா ஓட்டையும் அடைபட்ட வாளியாக அந்த வீடு இருந்தபோதுதான் இபு லஸ்மினியின் அம்மாவுக்கு ஆயிரமாவது நாள் நெருங்கியது.

அந்த அம்மாவை, எங்கள் எல்லோருக்கும் எம்பா, அதாவது பாட்டி, ஆன சுகினெம்மை, இங்கே தெரியாதவர்கள் இல்லை. சந்தில் எந்தக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பெண்கள் கூடிச் சமைப்பார்களே, அதற்கு அவர்தான் தளபதி. வெங்காயம் தடிமனாக நறுக்கியவளை எல்லோர் முன்னாலும் "உனக்குக் கண்ணு தெரியலையா, புத்தி தெரியலையா?" என்று கேட்பார். திட்டு வாங்காத பெண் எங்கள் சந்தில் இல்லை. அவர் வைத்த ஈரல் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு அந்தத் திட்டை மன்னிக்காதவளும் இல்லை.

ஒருநாள் காலை பாக் குனாடி என் காப்பியைக் குடித்துக்கொண்டு என் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். இபு லஸ்மினி வேலியைத் தாண்டி வந்து நின்றார். வீட்டில் சொல்லியிருக்கலாம். எங்கள் முன்னால் சொன்னால் கணவர் மறுக்கக் கூச்சப்படுவார் என்று நினைத்திருக்க வேண்டும். அத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இபு லஸ்மினிக்கு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"பாக், அம்மாவோட ஆயிரம் நாளுக்குச் சமைச்சுப் போடணும்."

பாக் குனாடி செய்தித்தாளை மடக்கவில்லை. "யாரு இப்பச் சமைக்கிறா? எல்லாரும் சாமான்தான் குடுக்கறாங்க."

"எல்லாரோட அம்மாவும் சமையல்காரி இல்லையே. ஊருக்கே ஆக்கிப் போட்டவங்க. அவங்க பேரைச் சொல்லி நூடுல்ஸ் பொட்டலத்தையா நீட்டறது?"

"அவங்களா சாப்பிடப் போறாங்க?"

என் மனைவி யாத்மி அடுக்களையில் கரண்டியைக் கீழே போட்டாள். தவறி விழுந்தது போலத்தான் இருந்தது.

இபு லஸ்மினி குரலை உயர்த்தவில்லை. "நான் இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. சின்னக் குவளைல குளிக்கச் சொன்னீங்க, குளிச்சேன். இது ஒண்ணு மட்டும் கேக்கறேன். அம்மாவை ஒழுங்கா அனுப்பணும்."

"ஒழுங்காத்தான் அனுப்பப் போறேன்" என்றார் பாக் குனாடி. காப்பியின் அடிக் கசடு வரை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ், நீங்களே பாருங்க. செலவே இல்லாம ஒரு செலாமத்தான் எப்படி நடத்தறதுன்னு இந்த வட்டாரத்துக்கே காட்டப் போறேன். அப்புறம் கூட்டத்துல அதைத்தான் பேசப் போறேன்."

அந்த முறையின் முதல் பாகம் இரண்டு வாரத்தில் தெரிந்தது. சுதந்திர தினத்துக்கு முந்திய மாலை, நாட்டுக்கு உயிர் கொடுத்தவர்களை நினைத்துச் சந்தே கூடி உட்காருவது வழக்கம். பொதுப் பணத்தில் பந்தல், பாய், ஒலிபெருக்கி, தேநீர். நடுவில் மஞ்சள் சோற்றுக் கோபுரம். எம்பா சுகினெம்மின் ஆயிரமாவது நாள் அதற்கு மூன்று நாள் தள்ளி, வியாழக்கிழமை வந்தது. பாக் குனாடி அதை மூன்று நாள் முன்னால் இழுத்துக்கொண்டார். "எப்படியும் எல்லாரும் வரப் போறீங்க. துவாவும் எப்படியும் ஓதப் போறோம். ஒரு பேரைக் கூடச் சேத்தா மோதினுக்கு வாய் வலிக்குமா?" என்று கேட்டார். துவா ஓதும் மோதின் ஜர்காசி சிரித்தார். இங்கே பெரியவர்கள் சிரித்தால் அது சம்மதமாகவும் இருக்கலாம், தலைவலியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது பாகத்தை அவர் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். பெர்க்காத் பைகளை அவரே நிரப்பினார். சர்க்கரை விஷயத்தில் மனைவியின் கை தாராளமானது என்பது அவர் கட்சி.

அன்று மாலை பந்தலில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மோதின் நாட்டின் வீரர்களுக்காக ஓதினார், பிறகு எம்பா சுகினெம்முக்காக. ஆகாய விமானத்தை மூங்கில் ஈட்டியால் எதிர்த்தவர்களின் வரிசையில் தன்னை உட்கார வைத்ததை எம்பா பார்த்திருந்தால் அந்த ஈட்டியின் தடிமனைக் குறை சொல்லியிருப்பார். ஓதி முடிந்ததும் பாக் குனாடி மைக்கை விரலால் தட்டினார். ஓட்டை வாளியில் தொடங்கி, தேசம் என்பதும் ஒரு வாளிதான் என்று முடித்தார். இடையில் அவர் வீட்டு மீட்டர் துவாலைக்குள்ளிருந்து கூப்பிட்டது. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்தில் இபு லஸ்மினி தன் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பைகள் வந்தன. பச்சை, நீலம், மெரூன் என்று பல நிறம். ஓரத் தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் மெக்கானிக் பாக் தார்னோ தையலை விரலால் தடவிப் பார்த்து, "புது மாடல் போல" என்றார். கொடுத்ததை வாங்கி நெற்றி வரை உயர்த்திவிட்டு எழுந்தோம்.

வீட்டுக்கு வந்து யாத்மி சாமானை எடுத்து வெளியே வைத்தாள். சர்க்கரை ஒரே கல்லாக இருந்தது. நூடுல்ஸ் உறையில் தேதி போன வருடத்தோடு முடிந்திருந்தது. அரிசி மூன்று சந்துகளின் அரிசி. மறுநாள் வடித்தபோது பாதி கஞ்சியாகிவிட்டது, மீதி விறைப்பாக நின்றது. பையை உதறி மடிக்கப் போனவள் அதற்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சட்டையைத் திருப்புவது போல அதை உள்ளும் புறமுமாகத் திருப்பினாள்.

"தார்னோவோட அப்பா நம்ம வீட்டுக்கு வந்திருக்கார்" என்றாள்.

மெரூன் துணியில் வெள்ளெழுத்தில் அவர் பெயர், ஆயிரமாவது நாள், அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பாக் குனாடியின் புத்திசாலித்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். செலாமத்தான்களில் வாங்கிய சாமானையும் பையையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தது சிக்கனம். பெயர் வெளியே தெரியாமல் திருப்பியது கண்டுபிடிப்பு. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பையைக் காலி செய்வார்கள் என்பது மட்டும் அவருடைய கணக்கில் வரவில்லை. அவர் வீட்டில் எந்தப் பையும் வந்த அன்று காலி செய்யப்படுவதில்லை. அப்படியே அலமாரிக்குப் போகும்.

மறுநாள் சுதந்திர தினம். பிள்ளைகள் சாக்குப் பந்தயம் ஓடினார்கள். பெரியவர்கள் பையோடு நடந்தார்கள். இறந்தவர் பெயர் போட்ட துணியைக் குப்பையில் போட முடியாது, அடுப்படித் துணியாக்கவும் முடியாது. உரியவர் வீட்டில் சேர்ப்பதுதான் முறை. நான் தார்னோவின் அப்பாவைத் தார்னோவிடம் கொண்டுபோனேன். அவர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பட்டறைக்குள்ளிருந்து நீலப் பை ஒன்றை எடுத்தார்.

"எனக்கு உங்க மாமனார் வந்தார், மாஸ். ராத்திரி முழுக்க டயர் பக்கத்துல வச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"அவருக்கு வண்டின்னா உசிரு" என்றேன்.

எதிர்வீட்டு இபு குஸ்ரியா எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. வாசலில் பச்சைப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்குக் காட்டினார். "என் பையில என் புருஷனே. மூணு வருஷம் கழிச்சு மனுஷன் வீட்டுக்குத் திரும்பியிருக்கார். அதுவும் பழைய நூடுல்ஸைக் கையில பிடிச்சுட்டு. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் எதையாவது வாங்கிட்டு வருவார்."

யாரும் பாக் குனாடியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே வந்தபோதெல்லாம் "ரொம்ப நல்லா நடத்தினீங்க" என்றார்கள். அவர் அதை நம்பினார். இங்கே ஒருவரைத் தண்டிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. தண்டனை பெறுகிறவருக்கு அது தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

இபு லஸ்மினிக்குத் தெரிந்துவிட்டது. வாசல் பெருக்க வெளியே வந்தவர், பையும் கையுமாகப் போகிற பெண்கள் தன்னைக் கண்டதும் பையை முந்தானைக்குள் ஒளிப்பதைப் பார்த்தார். துடைப்பத்தைச் சாத்திவிட்டு நேராக எங்கள் அடுக்களைக்கு வந்தார்.

"உங்களுக்கு யாரு வந்தாங்க?" என்று கேட்டார்.

யாத்மி தயங்கினாள். "தார்னோ அப்பா."

"குஸ்ரியாவுக்கு?"

"அவ புருஷனேதான்."

இபு லஸ்மினி முக்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. "அம்மாவைக் கூப்பிட்டு நடுச்சந்துல நிக்க வச்சுட்டார். யார் யாரோ பையில அரிசி, யார் யாரோ பேரு. அவங்க பேரு எதுலயாவது இருந்துச்சா?"

"இல்ல."

"அப்போ அது அம்மாவுக்கு நடக்கல." முக்காலியை விட்டு எழுந்தார். "அது நாட்டுக்கு நடந்தது. அம்மாவோட நாள் வியாழக்கிழமைதான். தேதியை அவர்தானே இழுத்தார், நாள் அங்கயேதான் இருக்கு. யாத்மி, வியாழக்கிழமை எங்க வீட்டுக்கு ஆக்க வருவியா?"

"அரிசிக்கு என்ன பண்ணுவீங்க?"

"இருக்கு" என்றார்.

அது உண்மைதான். அம்மா போன நாளிலிருந்து, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தண்ணீர் ட்ரம் ஒன்றில் போட்டு வந்திருக்கிறார். ட்ரம் கட்டிலுக்கு அடியில். முக்கால் திருகிய குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பக்கத்து அறையிலிருந்தே கேட்கக்கூடிய பாக் குனாடி இதைக் கவனிக்கவில்லை. அந்தப் பிடி அவர் தட்டில் குறையவில்லை. அதனால் அது ஓட்டையாகக் கணக்கில் சேரவில்லை. சிக்கனத்தைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர்தான் பேசினார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

வியாழன் காலை பாக் குனாடி பாத்திக் சட்டையில் வட்டார அலுவலகத்துக்குப் பேசக் கிளம்பினார். தலைப்பு, செலவில்லாத செலாமத்தான். அவர் முனை திரும்பியதும் பெண்கள் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். கையில் அதே பைகள், இப்போது சரியான பக்கம் திருப்பி, பெயர் வெளியே தெரிய. குஸ்ரியாவின் புருஷன் பெயருக்குள் உருளைக்கிழங்கு, என் மாமனாருக்குள் தேங்காய், தார்னோவின் அப்பாவுக்குள் கோழி ஈரல். வாழையிலைக் கட்டு, மிளகாய், தயிர்ச்சட்டி அளவுக்கு அரைத்த மசாலா. அடுப்படி நிரம்பியது. நாள் முழுக்க எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம்.

"வெங்காயத்தை ஏண்டி இவ்ளோ தடிமனா நறுக்கற?"

"எம்பா இருந்திருந்தா கேட்டிருப்பாங்க."

"அவங்களுக்காகத்தான் நான் கேட்டேன். உனக்குக் கண்ணு தெரியலையா, புத்தி தெரியலையா?"

அதற்கு வந்த சிரிப்பில் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தது.

சாயங்காலம் பாக் குனாடி திரும்பி வந்தபோது நானும் தார்னோவும் அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். ஈரல் சம்பல் வாசனை தெருவரை வந்திருந்தது. அவர் வாசலில் நின்று விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"இது என்ன?" என்றார்.

"எம்பாவோட ஆயிரம் நாள், பாக்" என்றார் தார்னோ.

"அதான் முடிஞ்சுதே."

"அது நாட்டுக்குன்னு சொன்னாங்க."

அடுக்களை வாசலுக்குப் போனார். குஸ்ரியா சம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். பாக் குனாடி அடுப்பைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார்.

"கேஸ் யாருது?"

"என்னோடது, பாக்."

"எண்ணெய்?"

"யாத்மியோடது. புதுசு. மறுபிறவி இல்ல."

பாக் குனாடியின் முகம் சற்றுத் தெளிந்தது. அரிசியைப் பற்றிக் கேட்டிருந்தால் திரும்பவும் இருண்டிருக்கும், கேட்கவில்லை. எல்லாம் பிறர் செலவு என்று முடிவு செய்துகொண்டார். என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "பாத்தீங்களா மாஸ், முறை வேலை செய்யுது" என்றார். மனிதரை எங்கே குத்தினாலும் காற்று இறங்காது போலிருக்கிறது என்று நான் அப்போது நினைத்தேன்.

இஷா தொழுகை முடிந்ததும் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பாக் குனாடி வீட்டுக்காரர் என்ற முறையில் மோதினுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார், கூடியிருப்பவர்களை வரவேற்று இரண்டு வார்த்தை பேசுவது வீட்டுக்காரரின் உரிமை. வாளி அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

மோதின் ஜர்காசி அதற்குள் ஆரம்பித்துவிட்டார். யார் அழைப்பின் பேரில் கூடியிருக்கிறோம் என்று முதலில் சொல்வது வழக்கம். "மறைந்த எம்பா சுகினெம்மின் மகள் இபு லஸ்மினி நம்மை அழைத்திருக்கிறார். தன் அம்மாவின் ஆயிரமாவது நாளில், தன் கையால் சேர்த்த அரிசியில் ஆக்கிப் போட்டு, அவருக்காக நம் பிரார்த்தனையைக் கேட்கிறார்." அவ்வளவுதான். வேறு பெயர் இல்லை. யாத்மி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதை என்னிடம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

தாமதமாக வந்த இரண்டு கிழவர்கள் மோதின் பக்கத்தில் இடம் தேடினார்கள். பாக் குனாடி நகர்ந்தார். அவர்களுக்கு, பிறகு இன்னொருவருக்கு. கடைசியில் வாசலருகே, செருப்புகளுக்குப் பக்கத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். மீட்டர் கத்தவில்லை. துவாலையைக் காணோம். காலையிலேயே யாரோ இருப்பை நிரப்பியிருக்கிறார்கள். துவா முழுக்க அந்த வீட்டில் குறுக்குச் சத்தமே இல்லை. அடுக்களைத் திரைக்குப் பின்னால் இபு லஸ்மினி 'ஆமீன்' என்றது முன்னறை வரை கேட்டது.

சோற்றுப் பெட்டிகள் வந்தன. மேலே வாழையிலை, அதன்மேல் சிவப்பாக ஈரல் சம்பல், ஓரத்தில் இரண்டு ஆப்பம். பெட்டிகளுக்குப் பை கிடையாது, கையில் பிடித்துப் போக வேண்டியதுதான். ஒருவருக்கு மட்டும் பையில் வந்தது. இபு லஸ்மினியே கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார்.

சாம்பல் நிறப் பை. பெயர் வெளிப்பக்கம். பாக் குனாடி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். அவருடைய அப்பாவின் பெயர். அப்பாவின் ஆயிரமாவது நாளுக்கு அவரே அச்சடிக்கக் கொடுத்தது. அதிகம் அடித்தால் விலை குறையும் என்று இரு மடங்கு அடித்தார். மிச்சம் இருந்தவை மற்ற பைகளோடு கலந்திருக்கின்றன. அவற்றையும் அவர் பாராமல் திருப்பியிருக்கிறார்.

"இது அப்பாவாச்சே" என்றார்.

"ஆமா" என்றார் இபு லஸ்மினி. "மூணு நாளா மோதின் வீட்டுல இருந்தார். உங்ககிட்டக் குடுக்க அவருக்குக் கூச்சம், எங்கிட்டக் குடுத்தார். சாப்பிடுங்க, ஆறிடும்."

பாக் குனாடி பெட்டியைத் திறந்தார், சாப்பிட்டார். கடைசிப் பருக்கை வரை வழித்தார். அது பழக்கம், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கை கழுவிவிட்டுப் பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, பிறர் வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போல எல்லோரோடும் எழுந்து நின்றார். பிறகு அது தன் வீடு என்ற நினைவு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்திலும் ஓட்டை வாளியைப் பற்றிப் பேசினாராம். செலவில்லாத செலாமத்தான் மட்டும் அதில் இல்லை என்று யாத்மி சொன்னாள். மீட்டர் திரும்பவும் கத்துகிறது. காலையில் என் காப்பிக்கு வருகிறார். அவர் வீட்டு அடுக்களைச் சுவரில் சாம்பல் பை மாட்டியிருக்கிறது, பெயர் வெளியே தெரிய, உள்ளே வெங்காயம். அங்கே சாப்பிடும்போது அவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்.